தரப்படுத்தப்பட்ட இயல்புக் குடிநர்

ஏரியில் உறைந்த பனி உடைந்ததும் மார்லிஸ் வெயில் பூமியான அரிசோனாவுக்குப் போய்விடுவார் என்பது குளிர்காலத் தொடக்கத்திலேயே ஊருக்குத் தெரியும். மகள் அங்கே இருந்தாள். அவருடைய கணவர் இறந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இந்தக் குளிரைத் தாங்குகிற முழங்கால் இனித் தனக்கு இல்லை என்று மார்லிஸ் சொல்லிக்கொண்டிருந்தார்.

போக வேண்டாம் என்று அவரிடம் சொல்ல ஆர்வித் நினைத்துக்கொண்டிருந்தார். இதுவும் ஊருக்குத் தெரியும்.

ஆர்வித் வீட்டு ஹீட்டர்களைப் பழுதுபார்ப்பவர். ஹீட்டரோடு அவருக்குப் பேச வேண்டிய தேவை இருக்கவில்லை, மனிதர்களோடும் அப்படியே இருந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை மட்டும் டுவேனின் பாரில் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பேசுவார். அப்போதும் கிளாசில் இருப்பதைப் பற்றித்தான் பேசுவார்.

"பீர் எப்படி?" என்று மார்லிஸ் கேட்பார்.

"மோசமில்ல."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரமும் மோசமில்ல."

பள்ளிப் பேருந்து ஓட்டும் ராய்ஸ் அதே மேசையில் கனடா விஸ்கியோடு இருப்பார். "டேய், உன்னை பேட்டரித் தண்ணி குடிக்க வச்சாலும் இதையேதான்டா சொல்லுவ."

"யார் வாங்கிக் குடுக்கறாங்கன்னு பார்க்கணும்ல."

மார்லிஸ் குடிப்பது அட்டைப் பெட்டியில் வரும் சிவப்பு ஒயின். டிசம்பரில் ஒருநாள் அவர் கிளாசைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்: "இதே பெட்டிதான் வீட்லயும் இருக்கு. அங்க குடிச்சா வாயில ஒட்டவே மாட்டேங்குது. இங்க வந்து குடிச்சா நல்லா இருக்கு. ஏன்னு தெரியல."

ஆர்வித் வெகுநேரம் யோசித்தார். காது சிவந்தது. "கிளாசா இருக்கும்," என்றார்.

ராய்ஸ் நெற்றியை மேசைமேல் வைத்துக்கொண்டார்.

ஆனாலும் அது முன்னேற்றம்தான். நவம்பரில் ஆர்வித் குளிரைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தார். இந்த வேகத்தில் போனால் பனி உடைவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுவார் என்று டுவேனும் ராய்ஸும் நம்பினார்கள்.

ஜனவரியில் இயல்பு ரசனை ஆய்வுக் கழகம் வந்தது.

கழகத்தின் இயக்குநர் டாக்டர் விட்கோம் உயரமானவர். பேசும்போது இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொள்வார். பார் நிறைய ஆட்கள் இருந்த ஒரு மாலையில் அவர் நாற்காலிமேல் ஏறி நின்று விளக்கினார்.

"உலகத்துல மது நிபுணர்களுக்குப் பஞ்சமில்ல. அவங்க கருத்தெல்லாம் எங்ககிட்ட அலமாரி அலமாரியா இருக்கு. சும்மா ஒரு பீர், ஒரு விஸ்கி, ஒரு ஒயின்னு குடிச்சிட்டு, நண்பர்களோட கருத்தைப் பகிர்ந்துக்கற சாதாரண மனுஷங்க கருத்துதான் இல்ல. அவங்களுக்கு நாங்க இயல்புக் குடிநர்னு பேர் வச்சிருக்கோம். இந்த நாட்டுல உங்க அளவுக்கு ஒண்ணும் தெரியாதவங்களை நான் பார்த்ததே இல்ல. அதை அறிவியல் மதிக்குது."

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் நாற்காலிமேல் ஏறி நின்று இவ்வளவு பேசியபின் தட்டாமல் இருப்பது சரியல்ல.

டுவேனின் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. புதுக் கூரை போட்டுத் தருவதாகக் கழகம் சொன்னது, பதிலுக்குக் குளிர்காலம் முழுக்க பார் கழகத்தின் ஆய்வுக்கூடம். அப்போதுதான் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. நான் வேதியியல் படித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எண் ஒட்டிய கிளாசில் மதுவை அளந்து ஊற்றி, சிறு கதவு வழியாக உள்ளே தள்ளுவது என் பணி. குடிநர்களோடு பேசக் கூடாது. சிரிக்கவும் கூடாது. சிரித்தால் மதிப்பெண் கூடுவதாக முந்தைய ஆய்வு ஒன்றில் தெரியவந்திருந்தது. பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். அதனால்தான் எடுத்துக்கொண்டார்கள்.

சம்மதம் வாங்குவதில் கழகம் கவனமாக இருந்தது. ஒவ்வொருவரையும் மூன்று முறை கேட்க வேண்டும் என்பது அவர்களுடைய நெறிமுறை. எங்கள் ஊரில் எதையும் இரண்டு முறை மறுப்பது மரியாதை. காப்பி கொடுத்தாலும் அப்படித்தான், கார் கொடுத்தாலும் அப்படித்தான். மூன்றாம் முறையும் மறுத்தால் கேட்டவரை அவமதித்ததாக ஆகிவிடும்.

"உங்களுக்கு இதுல கலந்துக்க விருப்பமா?"

"வேண்டாங்க, பரவால்ல," என்றார் ஆர்வித்.

"உண்மையாவே விருப்பமா?"

"இல்லீங்க, உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

"கடைசியா கேக்கறேன். விருப்பமா?"

"நீங்க இவ்வளவு தூரம் சொல்றதுனால..."

ஊரில் ஒருவர்கூட விடுபடவில்லை. இவ்வளவு ஆர்வமான ஊரைப் பார்த்ததில்லை என்று விட்கோம் மேலிடத்துக்கு எழுதினார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜன்னலோர மேசை இருந்த இடத்தில் வெள்ளைக் கூண்டுகள் நின்றன. ஒரு கூண்டுக்கு ஒரு ஆள். மது நிறம் தெரியாதபடி உள்ளே சிவப்பு விளக்கு. பக்கத்துக் கூண்டின் சத்தம் கேட்காதபடி சுவரில் பஞ்சு. வெள்ளிக்கிழமை வறுத்த மீன் நிறுத்தப்பட்டது, வாசனை மூக்கைக் கெடுக்குமாம். மார்லிஸ் கையில் தடவும் லாவண்டர் களிம்பும் வாசலிலேயே துடைக்கப்பட்டது.

ராய்ஸ் தன் கூண்டை எட்டிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "ஐயா, நாங்க ஒருத்தருக்கொருத்தர் கருத்து சொல்லிக்கறதைத்தானே ஆராயறீங்க?"

"ஆமா."

"நடுவுல செவுரு வச்சா எப்படிச் சொல்லிக்கறது?"

"சொல்லிக்கிட்டா ஒருத்தர் கருத்து இன்னொருத்தரைப் பாதிச்சிடும் சார்."

"அதுக்குத்தானேய்யா சொல்லிக்கறது."

விட்கோம் முகம் மலர்ந்தது. "பிரமாதம். இதுதான் இயல்பான கருத்து. இதை மறுபடி யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

எண்ணிப் பார்த்தால் குடிநர்களுக்குச் சிரமமான வேலை இல்லை. உள்ளே வரும் கிளாசில் இருப்பதைக் குடித்து, ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் ஒரு எண்ணைச் சொல்லி, விருப்பமிருந்தால் இரண்டு வார்த்தை மைக்கில் பேச வேண்டும். ஆனால் சிக்கல்கள் வந்தன.

முதல் சிக்கல் ராய்ஸ். ஒரு விஸ்கியைக் குடித்துவிட்டு, "லேசா ஓக் மர வாசனை," என்று மைக்கில் சொல்லிவிட்டார். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் நின்று கவனித்த கழகத்தார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விட்கோம் கூண்டுக் கதவைத் திறந்தார்.

"இது எங்க கத்துக்கிட்டீங்க?"

"எங்க வீட்டு அலமாரி ஓக்குங்க."

"நிபுணர் வார்த்தை இது. உங்க இயல்பு கலங்கிடுச்சு."

ராய்ஸை அறிவு நீக்கப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பயிற்சி பக்கத்து நகரத்தில் ஒரு விடுதியில் நடந்தது. திரும்பி வந்தபோது எந்த கிளாசைக் கொடுத்தாலும் முகர்ந்துவிட்டு, "ஈரமா இருக்கு," என்றார். அவருக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பேருந்தை அவர் அதன்பின் கொஞ்சம் மெதுவாக ஓட்டினார்.

இரண்டாவது சிக்கல் மார்லிஸ். எந்த ஒயினைத் தள்ளினாலும் அவர் மைக்கில் ஒரே பதிலைத்தான் சொன்னார். "தனியா குடிக்கறதுக்கு இது நல்லா இல்ல."

"தனியாங்கறது சுவை கிடையாது மேடம்," என்றார் விட்கோம்.

"எனக்கு நாக்குல தெரியுதே."

"நாக்குல இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு இதெல்லாம்தான் தெரியும். தயவுசெஞ்சு அதுல ஒண்ணைச் சொல்லுங்க."

மார்லிஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப கசப்புன்னு போட்டுக்குங்க."

ஆர்வித்திடம் சிக்கலே இல்லை. பீருக்கு ஏழு என்றார். விஸ்கிக்கு ஏழு. ஒயினுக்கு ஏழு. சோதனைக்காக வெறும் தண்ணீர் அனுப்பினார்கள், ஏழு. கெட்டுப்போய் வினிகர் ஆகிவிட்ட ஒயினை அனுப்பினார்கள். அவர் குடிப்பதை நான் சிறு கதவு வழியாகப் பார்த்தேன். கண்ணில் நீர் முட்டியது. கிளாசை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஏழு. மோசமில்ல."

பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாவம், நீ அளந்து அளந்து ஊத்தி எடுத்துட்டு வர்ற. இதுல என்ன குறை சொல்றதும்மா."

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் கணினித் திரையில் ஆர்வித்தின் கோடு மேடு பள்ளம் இல்லாமல் நேராகப் போனது. விட்கோம் அதன் எதிரே நெடுநேரம் நின்றார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

அடுத்த வாரம் கழகத்தின் பெரியவர்கள் வந்தார்கள். ஆர்வித்தைக் கூண்டிலிருந்து வெளியே கொண்டுவந்து நடுவில் நிறுத்தினார்கள்.

"எடையை அளக்கணும்னா ஒரு தரமான எடைக்கல் வேணும்," என்றார் விட்கோம். "நீளத்தை அளக்க ஒரு தரமான கோல் வேணும். ரசனையை அளக்க இதுவரைக்கும் ஒண்ணும் இல்லாம இருந்துச்சு. மனுஷன்னா மாறிட்டே இருக்கான். இன்னிக்குப் பிடிச்சது நாளைக்குப் பிடிக்கறதில்ல. பக்கத்துல யார் இருக்காங்கங்கறதைப் பொறுத்து மாறிடறான். எந்த பாதிப்பும் இல்லாத ஒருத்தர் முதல்தடவையா கிடைச்சிருக்கார். இனிமே இந்தக் கண்டத்துல யாரோட நாக்கையும் இவரோட நாக்கை வச்சுத்தான் சரிபார்ப்போம்."

ஆர்வித்துக்குத் தரப்படுத்தப்பட்ட இயல்புக் குடிநர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. மூன்று முறை கேட்டுத்தான் வழங்கினார்கள்.

தரமான எடைக்கல்லை யாரும் கையால் தொடுவதில்லை. ஆர்வித்தும் இனி ஹீட்டர் வேலைக்குப் போகக் கூடாது, எரிவாயு நாற்றம் மூக்கை மழுக்கிவிடும். சளி பிடிக்கக் கூடாது. மிளகு கூடாது. வீட்டில் குடிக்கக் கூடாது. மற்ற குடிநர்களோடு பேசவே கூடாது. பாரின் பின்னறையில் அவருக்குக் கட்டில் போட்டு, ஈரப்பதம் காட்டும் கருவி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்து அவர் கிளாசைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஊரில் பலருடைய ஹீட்டர் நின்றுபோனது. அவர்கள் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

மார்ச் மாதம், உறைந்த ஏரிமேல் போட்டிருந்த மீன்பிடிக் குடிசைகளைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். கரையோரம் பனி கறுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை நான் சிறு கதவைத் திறந்தபோது ஆர்வித் மைக்கை மூடிக்கொண்டு கேட்டார். "ஏம்மா, மார்லிஸ் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கா?"

நான் பேசக் கூடாது. இடதுபக்கம் பார்த்தேன்.

அவர் அந்தப் பக்கச் சுவருக்குத் திரும்பி உட்கார்ந்தார். நான் தள்ளிய கிளாசில் பெட்டி ஒயின்தான் இருந்தது. குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார். மைக்கை மூட மறந்துவிட்டார்.

"இது குடிச்சு முடிச்சப்புறமும் நாக்குலயே நிக்குது. போயிட்டா நல்லா இருக்காது. மார்லிஸ், நீ போகாத. இங்கயே இரு."

சொல்லிவிட்டுப் பஞ்சுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் மார்லிஸ் அடுத்த கிளாசுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாற்காலிகள் நகர்ந்தன.

"நாக்குல நிக்குதுன்னு சொன்னார்," என்றார் விட்கோம். குரல் தழுதழுத்தது. "நிபுணர்கள் முப்பது வருஷம் குடிச்சாத்தான் இதைச் சொல்லுவாங்க. ஒண்ணும் தெரியாத ஒருத்தர் சொல்லியிருக்கார்." பிறகு உதவியாளரிடம் திரும்பினார். "மார்லிஸ்ங்கறது என்ன வாசனை? பட்டியல்ல பாருங்க."

பட்டியலில் இல்லை.

மார்லிஸை அன்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். நான் பின்கதவு வழியாக ஓடிப்போய் வண்டிகள் நிற்குமிடத்தில் அவரைப் பிடித்தேன். காரைச் சூடாக்கிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை இறக்கினார்.

"ஆர்வித் உங்ககிட்ட ஒண்ணு..." என்றேன். மேற்கொண்டு வரவில்லை.

மார்லிஸ் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "தெரியும் கண்ணு. என்ன சொல்ல வர்றான்னு எனக்கு நவம்பர்லேயே தெரியும். அவன் வாயால ஒரு தடவை சொல்லட்டும், பெட்டியெல்லாம் பிரிச்சு வச்சிடறேன். நீ சொல்லிக் கேக்கறதுன்னா நான் அரிசோனாவுக்கே போயிடலாம்."

"எப்ப கிளம்பறீங்க?"

"அடுத்த வெள்ளிக்கிழமை மக வந்து கூட்டிட்டுப் போறா. அதுக்குள்ள அவனை வெளிய விடுவாங்களா?"

எனக்குத் தெரியவில்லை. உள்ளே போனேன்.

ஒருமுறை சொன்னது அறிவியலில் சொன்னதாகாது. மறுபடி அதே நிலையில் அதே விளைவு வர வேண்டும். அந்த வாரம் முழுக்க ஆர்வித்திடம் அதே ஒயினைக் கொடுத்து அதே வாக்கியத்தைச் சொல்லச் சொன்னார்கள்.

மறுநாள் அவரால் சொல்ல முடியவில்லை. சிவப்பு விளக்கின் கீழே வேர்த்தது.

"நேத்து சொன்னீங்களே சார்."

"நேத்து அது வேறங்க."

"வேறயா இருக்கக் கூடாது. அதுதான் விஷயமே."

அவர் முயன்றார். "போகாத" என்ற இடத்தில் குரல் உடைந்தது. குரல் உடையும் இடம் ஒவ்வொரு முறையும் மாறியதால் அதை நீக்கச் சொன்னார்கள். மார்லிஸ் என்ற சொல்லும் நீக்கப்பட்டது, அது எல்லோருக்கும் பொருந்தாது. பல மாநிலங்களில் பயன்படுத்த ஏற்றபடி மொழியும் கொஞ்சம் திருத்தப்பட்டது. பீர் கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள். விஸ்கி கொடுத்துச் சொல்லச் சொன்னார்கள். தண்ணீர் கொடுத்தும், வினிகர் கொடுத்தும் சொல்லச் சொன்னார்கள். குளிர்காலம் முழுக்கப் பாடுபட்டு ஒருதடவை சொன்னதை ஆர்வித் வியாழக்கிழமைக்குள் தடங்கல் இல்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டார். இடையில் எங்கே மூச்சு விடுவது என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஆய்வு நிறைவு விழா. கூண்டுகளைக் கழற்றிவிட்டு மேசைகளைப் பழையபடி போட்டார்கள். ஊரே வந்திருந்தது. மார்லிஸ் கோட்டைக் கழற்றாமல் முன்வரிசையில் உட்கார்ந்தார். வெளியே மகளின் கார் ஓடிக்கொண்டிருந்தது, பின்சீட்டு முழுக்கப் பெட்டிகள்.

விட்கோம் நாற்காலிமேல் ஏறினார். "சாதாரண மனுஷனோட உள்ளத்தை நாங்க திறந்து பார்த்தோம். அதுல எது அவனுடையதோ அதையெல்லாம் பத்திரமா அப்புறப்படுத்திட்டு, மிச்சத்தை மனித குலத்துக்குக் கொடுத்திருக்கோம். இனி உங்க தரப்படுத்தப்பட்ட இயல்புக் குடிநரை நீங்க தாராளமா பயன்படுத்தலாம்."

கைதட்டினார்கள். ஆர்வித்தை விடுவித்தார்கள்.

மார்லிஸ் எழுந்து அவரிடம் போனார். ராய்ஸும் டுவேனும் சட்டென்று ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்கள்.

"ஆர்வித், ஏரியில பனி உடைஞ்சிருச்சு. பார்த்தியா?"

"கேள்விப்பட்டேன்."

"மக வெளிய நிக்கறா."

"ம்."

மார்லிஸ் காத்திருந்தார். "ஏதாவது சொல்லணுமா எங்கிட்ட?"

ஆர்வித் தலையாட்டினார். கோட்டுப் பொத்தானைச் சரிசெய்துகொண்டார். உதடுகள் ஒரு பெயருக்காகக் குவிந்தன. பெயர் வரவில்லை. அதற்குப் பதிலாக மற்றது வந்தது, தெளிவாக, உரிய இடங்களில் மூச்சு விட்டு, கடைசி வரிசைவரை கேட்கும்படி.

"இது அருந்தி முடித்த பின்பும் நாவில் நிற்கிறது. போய்விட்டால் நன்றாக இராது. போக வேண்டாம். இங்கேயே இருக்கவும்."

மார்லிஸ் அவர் முகத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பி, வேறு யாரிடமாவது சொல்கிறாரா என்றும் பார்த்தார். இன்னும் ஏதாவது வரும் என்று நின்றார்.

"நல்லா சொல்ற," என்றார் கடைசியில். "யார் எழுதிக் கொடுத்தா?"

ஆர்வித் வாயைத் திறந்தார். அவரிடம் வேறு வாக்கியம் இருக்கவில்லை.

"பாருங்க," என்று விட்கோம் பெரியவர்களிடம் கிசுகிசுத்தார். "இவ்வளவு நெருக்கடியிலயும் துளிகூட மாறல."

அவர் முதலில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஒருவர் இவ்வளவு நன்றாகப் பேசியபின் தட்டாமல் இருக்க முடியாது என்பதால் மார்லிஸும் கையுறையோடு தட்டினார். அப்புறம் ஆர்வித்தின் தோளை ஒருமுறை தொட்டுவிட்டு, மேசைகளுக்கு நடுவே வழி கேட்டுக் கேட்டு வெளியே போனார்.

கார் ஏரிச் சாலையில் திரும்பும்வரை ஆர்வித் ஜன்னலருகே நின்றார். பிறகு என் பக்கம் வந்தார். நான் கிளாசுகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா," என்றார். "நான் சரியாத்தானே சொன்னேன்?"

விட்கோம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டைத் தூக்கிக்கொண்டேன். சரியாகத்தான் சொன்னார். ஒரு எழுத்துகூட மாறவில்லை.